சாராயக்கடை மாடியில் கண்ணீர் விட்ட தளபதி!
300 வயது வீடு கைமாறிய கதை

நியூயார்க் நகரின் தெற்குக் கோடியில் "பேர்ல் தெரு" என்று ஒரு தெரு இருக்கிறது. சுற்றிலும் வானத்தை முட்டும் கட்டிடங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

அந்தக் கட்டிடக் காட்டுக்கு நடுவே ஒரு செங்கல் வீடு. கதவு எண் 54. கீழே சாப்பாடு, மது. மேலே பொருட்காட்சி.

"இந்தக் குட்டி வீட்டை ஏன் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும்.

இடிக்கத்தான் பார்த்தார்கள்! தீ 3 தடவை தின்னப் பார்த்தது. பீரங்கிக் குண்டு கூரையைத் துளைத்தது. வெடிகுண்டும் வெடித்தது. வீடு தப்பித்து நிற்கிறது.

இந்த வீட்டில் குடித்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. இங்கே அழுதவரும் சாதாரண ஆள் அல்ல. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்!

அந்த வீட்டின் கதை வருமாறு:-

மாமனார் கொடுத்த மனை

முத்துக்கும் பேர்ல் தெருவுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு காலத்தில் அதுதான் கடற்கரை ஓரம். சிப்பி ஓடுகள் குவிந்து கிடந்ததால் அந்தப் பெயர் வந்தது. பிறகு கடலைத் தூர்த்து மனை போட்டார்கள்.

அப்படித் தூர்த்த மனை ஒன்று ஸ்டெபானஸ் வான் கார்ட்லண்ட் என்ற பெரிய பணக்காரரிடம் இருந்தது. அவர் நியூயார்க் நகர மேயராக இருந்தவர்.

அவருடைய மகள் ஆன். 1700-ம் ஆண்டு அவரைக் கல்யாணம் செய்தவர் ஸ்டீபன் டிலான்சி. பிரான்சு நாட்டுக்காரர். அங்கே புராட்டஸ்டண்ட் மதத்தவர்களை மன்னர் விரட்டி அடித்தபோது, தப்பி ஓடிவந்தவர். வந்த இடத்தில் வியாபாரம் செய்து பெரிய ஆள் ஆகிவிட்டார்.

மனை மாமனார் கையிலிருந்து மாப்பிள்ளை கைக்கு வந்தது. 1719-ல் டிலான்சி அந்த மனையில் வீட்டைக் கட்டினார்.

அவருடைய மகன்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒரு மகன் ஜேம்ஸ், மாகாணத்தின் தலைமை நீதிபதி ஆனார். இன்னொரு மகன் ஆலிவர், வியாபாரி. அவரைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

அப்பா காலத்துக்குப் பிறகு வீடு, வியாபாரக் கம்பெனியின் கிடங்காக மாறியது. அதற்கும் பிறகுதான் நம்ம கதாநாயகர் வருகிறார்.

வந்தார் "கறுப்பு சாம்"

1762-ம் ஆண்டு ஜனவரி மாதம். 2 ஆயிரம் பவுனைக் கொடுத்து அந்த வீட்டை ஒருவர் வாங்கினார்.

அவர் பெயர் சாமுவேல் பிரான்சஸ். சமையல்காரர்!

மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து வந்தவர் என்று சொல்கிறார்கள். "கறுப்பு சாம்" என்பது ஊரார் வைத்த பட்டப்பெயர். அவர் வெள்ளைக்காரரா, கறுப்பரா, கலப்பா? 200 வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தச் சண்டை தீரவில்லை. 1790-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அவரை வெள்ளையர் என்றுதான் எழுதி இருக்கிறார்கள்.

"அதான் படம் இருக்கிறதே, பார்த்தால் தெரியாதா?" என்று கேட்கலாம். படம் இருந்தது. அவர் முகம் என்று சொல்லிப் பல காலம் அதைக் காட்டினார்கள். 2017-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஒருவர், "இது இவர் படமே அல்ல" என்று போட்டு உடைத்துவிட்டார். ஆக, ஆளின் முகமே தெரியாது!

முகம் தெரியாவிட்டாலும் கைப்பக்குவம் ஊருக்கே தெரிந்து இருந்தது. வீட்டை மதுவிடுதி ஆக்கினார். அப்போது இங்கிலாந்தில் 3-ம் ஜார்ஜ் மன்னர் சார்லட் ராணியை மணந்து சில மாதம்தான் ஆகி இருந்தது. ராணி தலை படம் போட்ட பலகையை மாட்டினார் பிரான்சஸ். கடைக்குப் பெயர் "ராணி தலை".

நீதிபதியின் அப்பா கட்டிய வீட்டில் சாராயக்கடையா என்று நாலு பேர் முகம் சுளித்து இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஆனால் முகம் சுளிக்கிற ஆசாமிகளும் சாப்பிட வந்தே தீரவேண்டிய சமையல் அது!

மனுஷன் அதோடு நிற்கவில்லை. ஊருக்கு வெளியே பூங்கா ஒன்று நடத்தினார். மெழுகில் பொம்மை செய்து காட்சிக்கு வைத்தார். சமையல், வியாபாரம், கைவேலை மூன்றும் தெரிந்த கெட்டிக்காரர்.

இடையில் சில வருஷம் கடையை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்தச் சமயத்தில்தான், 1768 ஏப்ரலில், 20 வியாபாரிகள் இங்கே கூடி நியூயார்க் வர்த்தக சபையைத் தொடங்கினார்கள்.

தேயிலைக் கப்பல் கேப்டன் மாட்டினார்

அந்தக் காலத்து மதுவிடுதி என்றால் குடிக்கிற இடம் மட்டும் அல்ல. அங்கேதான் பத்திரிகை படிப்பார்கள். அங்கேதான் கூட்டம் போடுவார்கள். பேரமும் அங்கேதான், அரசியலும் அங்கேதான். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுதான்!

1774 ஏப்ரல் மாதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை மீது அமெரிக்கர்கள் கடுங்கோபத்தில் இருந்தார்கள். நம் சென்னைக் கோட்டையில் கொடி பறக்கவிட்ட அதே கம்பெனிதான். "எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வரி போட நீங்கள் யார்?" என்பதுதான் தகராறு.

"லண்டன்" என்ற கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தது. "தேயிலை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றார் கேப்டன். விடவில்லை. பிரான்சஸ் கடைக்கு வரவழைத்துக் குடைந்தார்கள். உண்மை வெளியே வந்தது. "இருக்கிறது. என் சொந்தச் சரக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

அன்று இரவே கூட்டம் கப்பலில் ஏறியது. 18 பெட்டித் தேயிலையும் தண்ணீரில் போயிற்று. கேப்டன் உயிர் தப்பினால் போதும் என்று ஊரைவிட்டு ஓடினார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி இரவு. கோட்டை ஓரத்தில் இருந்த பீரங்கிகளைப் புரட்சிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். "ஏஷியா" என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பார்த்துவிட்டது. சுட்டது. ஒரு குண்டு பிரான்சஸ் கடையின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது!

பட்டாணியில் விஷமா?

இந்த இடத்தில் ஒரு புளுகைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

"வாஷிங்டனைக் கொல்லப் பட்டாணியில் விஷம் வைத்தார்கள். பிரான்சஸ் மகள் பீபி கண்டுபிடித்துக் காப்பாற்றினாள். பட்டாணியைக் கோழிக்குப் போட்டார்கள். கோழி செத்து விழுந்தது" என்று ஒரு கதை அங்கே ரொம்பப் பிரபலம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரான்சசுக்குப் பீபி என்ற பெயரில் மகள் இருந்ததாகப் பதிவே இல்லை! 1776 ஜூனில் வாஷிங்டனின் காவல் வீரர் ஒருவரைத் துரோகக் குற்றத்துக்காகத் தூக்கில் போட்டது நிஜம். பட்டாணியும் கோழியும் பிறகு சேர்ந்த மசாலா.

மகள் கதை பொய்யாக இருக்கலாம். அப்பா செய்த உதவி பொய் அல்ல.

1776-ல் நியூயார்க் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. பிரான்சஸ் பக்கத்து மாகாணத்துக்கு ஓடினார். அங்கேயும் பிடித்துவிட்டார்கள். கொண்டுவந்து பிரிட்டிஷ் ஜெனரல் வீட்டில் சமைக்கச் சொன்னார்கள். சமைத்தார். மிஞ்சிய சாப்பாட்டைச் சிறையில் வாடிய அமெரிக்கக் கைதிகளுக்குக் கொடுத்து உதவினார்.

புதன்கிழமை விசாரணை

1781-ல் யார்க்டவுன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரண் அடைந்தார். (இதே கார்ன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, பிறகு திப்பு சுல்தானோடு மோதினவர். சென்னைக் கோட்டைப் பொருட்காட்சி சாலையில் சிலையாக நிற்பவரும் அவர்தான்.)

போர் முடிந்தது. ஆனால் ஒரு பெரிய கேள்வி பாக்கி நின்றது.

"எஜமானனை விட்டு எங்கள் பக்கம் ஓடிவரும் அடிமைகளுக்கு விடுதலை" என்று போர்க் காலத்தில் பிரிட்டிஷார் அறிவித்து இருந்தார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள் எல்லாரும் நியூயார்க்கில் குவிந்து இருந்தார்கள்.

சமாதானம் பேசியதும், "எங்கள் அடிமைகளைத் திருப்பிக் கொடு" என்று அமெரிக்க எஜமானர்கள் வந்து நின்றார்கள். கேட்டவர்களில் வாஷிங்டனும் ஒருவர்! 1783 மே மாதம் பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனைச் சந்தித்தபோது அவர் இதைத்தான் முதலில் கிளப்பினார். அந்தச் சந்திப்புக்குச் சாப்பாடு தயார் செய்தவர் யார் தெரியுமா? நம்ம பிரான்சஸ்தான்.

கார்ல்டன் மசியவில்லை. "விடுதலை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். வாக்கை மீறமுடியாது" என்பது அவர் கட்சி. போகிறவர்கள் பெயரை எல்லாம் புத்தகத்தில் எழுதி வைப்பதாக மட்டும் சொன்னார்.

"இவன் என் ஆள்" என்று யாராவது உரிமை கொண்டாடினால்? அதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மே முதல் நவம்பர் வரை புதன்கிழமை தோறும் விசாரணை.

விசாரணை நடந்த இடம்? பிரான்சசின் சாராயக்கடை!

ஒரு பக்கம் எஜமானன். மறுபக்கம் ஓடிவந்த ஆள். எப்போது வந்தாய், எந்த வாக்கை நம்பி வந்தாய் என்று கேள்வி மேல் கேள்வி. பதில் சரியாக இருந்தால் கப்பல். இல்லாவிட்டால் பழைய விலங்கு. சிலர் விடுதலை ஆனார்கள். சிலர் எஜமானன் கையில் திரும்ப ஒப்படைக்கப்பட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்ட பெயர்கள் சுமார் 3 ஆயிரம். "நீக்ரோக்கள் புத்தகம்" என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பெயருக்கு நேரே வயது, அங்க அடையாளம், பழைய எஜமானன் பெயர்.

அதில் ஒரு பெயர்: ஹாரி வாஷிங்டன். வயது 43. பழைய எஜமானன்: ஜெனரல் வாஷிங்டன்!

ஆமாம். தளபதியின் பண்ணையில் இருந்தே ஓடிவந்தவர். 1783 ஜூலையில் கப்பல் ஏறிக் கனடாவின் நோவாஸ்கோஷியாவுக்குப் போனார். அங்கிருந்து 1792-ல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போய்விட்டார்.

தளபதி அழுதார்

1783 நவம்பர் 25-ந் தேதி பிரிட்டிஷார் நியூயார்க்கை விட்டு வெளியேறினார்கள். அன்று இரவு பிரான்சஸ் கடையில் விருந்து. 13 மாகாணங்கள் அல்லவா? கோப்பையைத் தூக்கி 13 தடவை வாழ்த்துச் சொன்னார்கள்.

9 நாள் கழித்து, டிசம்பர் 4-ந் தேதி. மத்தியானம்.

மாடியில் இருந்த நீளமான அறையில் ராணுவ அதிகாரிகள் காத்திருந்தார்கள். 8 வருஷம் கூடவே நின்று சண்டை போட்டவர்கள். வாஷிங்டன் உள்ளே வந்தார். கோப்பையில் மதுவை ஊற்றினார். வாழ்த்துச் சொன்னார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. குரல் அடைத்துவிட்டது.

"ஒவ்வொருத்தரும் வந்து என் கையைப் பிடித்தால் சந்தோஷப்படுவேன்" என்ற அளவில் சொன்னார். முதலில் வந்தவர் ஜெனரல் நாக்ஸ். கட்டித் தழுவினார் வாஷிங்டன். இருவர் கண்ணிலும் கண்ணீர். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அறையில் பேச்சே இல்லை. அழுகை மட்டும்தான்.

கடைசியில் கையை அசைத்துவிட்டு இறங்கி நடந்தார். படகில் ஏறினார். அந்த மாதமே தளபதி பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பண்ணைக்குப் போய்விட்டார். படை கையில் இருந்தும் நாட்டைப் பிடிக்காமல் வீட்டுக்குப் போன தளபதி என்று உலகமே மூக்கின்மேல் விரலை வைத்தது.

அந்தக் கண்ணீரும் நிஜம். சில நாள் முன்புவரை அதே வீட்டில் "இவன் என் சொத்து" என்று நடந்த வழக்கும் நிஜம்.

கட்டினவர் மகன் என்ன ஆனார்?

வீட்டைக் கட்டிய டிலான்சியின் மகன் ஆலிவரைப் பற்றிப் பின்னால் பார்ப்போம் என்று சொன்னோம் அல்லவா? அவர் பிரிட்டிஷ் மன்னர் கட்சி. மன்னருக்காகப் படை திரட்டினார். தோற்றவர் பக்கம் நின்றதால் சொத்து எல்லாம் பறிமுதல். இங்கிலாந்துக்குப் போனார். 1785-ல் அங்கேயே காலமானார். அப்பா கட்டிய வீட்டில் எதிர்க்கட்சி விருந்து. மகனுக்கோ அந்நிய மண்!

ஜெயித்த கட்சியில் இருந்த பிரான்சஸ் மட்டும் கொழித்தாரா? அதுவும் இல்லை. போரில் கைப்பணம் கரைந்து போனதாகக் காங்கிரசில் மனு போட்டார். 1785-ல் வீட்டைக் காங்கிரசுக்கு ஆபீஸ் நடத்த வாடகைக்கு விட்டார். வெளிநாட்டு இலாகா, யுத்த இலாகா, கஜானா இலாகா எல்லாம் இந்தச் சாராயக்கடை வீட்டில்தான் நடந்தன! அதே வருஷம் வீட்டை ஒரு கசாப்புக்காரருக்கு விற்றுவிட்டு விவசாயம் பார்க்கப் போனார்.

1789-ல் வாஷிங்டன் ஜனாதிபதி ஆனார். வீட்டு நிர்வாகம் பார்க்கப் பழைய சமையல்காரரையே கூப்பிட்டார். பிரான்சஸ் தாராளக் கை. செலவு எகிறியது. அடுத்த வருஷமே வேலை போயிற்று. வந்த ஆளாலும் செலவு குறையவில்லை! 1791-ல் மறுபடியும் பிரான்சசையே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அப்போது தலைநகரம் பிலடெல்பியா. ஜனாதிபதி சமையல் அறையில் பெயர் பெற்ற சமையல்காரர் ஹெர்குலிஸ். அவர் வாஷிங்டனின் அடிமை. 1797-ல் அவரும் ஓடிப்போனார்.

"கறுப்பு சாம்" என்று பெயர் வாங்கிய பிரான்சஸ் வீட்டிலும் ஓர் அடிமை இருந்ததை அந்த 1790 கணக்கு காட்டுகிறது. கதை அவ்வளவு சுலபமான கதை அல்ல.

1795 அக்டோபர் 10-ந் தேதி பிலடெல்பியாவில் பிரான்சஸ் காலமானார். சர்ச் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். மேலே ஒரு கல்கூட நடவில்லை! 215 வருஷம் கழித்து, 2010-ல்தான் அங்கே அவருக்கு ஒரு நினைவுத் தூண் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த கஷ்டகாலம்

வீடு கை மாறி, கை மாறிப் போயிற்று. கசாப்புக்காரர், அப்புறம் வேறு வேறு ஆட்கள். மேன்ஷன் மாதிரி ஆள் தங்கும் விடுதி ஆனது. கீழே சாராயக்கடை தொடர்ந்தது. 1832, 1837, 1852 என்று 3 தடவை தீ. ஒவ்வொரு தடவையும் ஒட்டுப்போட்டார்கள். மேலே மாடிகளை ஏற்றினார்கள். பழைய முகமே போய்விட்டது.

1900 வாக்கில் "இடித்துத் தள்ளுவோம்" என்ற பேச்சு வந்தது. பெண்கள் சங்கம் ஒன்று எதிர்த்துக் கிளம்பியது. கடைசியில் 1904-ல், புரட்சிப் போர் வீரர்களின் வாரிசுகள் சங்கம் வீட்டை வாங்கியது.

பணம் எங்கிருந்து வந்தது? சங்கத் தலைவராக இருந்த பிரடெரிக் டால்மேட்ஜ் எழுதிவைத்த உயில் சொத்தில் இருந்து! இவருடைய தாத்தா பெஞ்சமின் டால்மேட்ஜ், வாஷிங்டனின் உளவுப்படையை நடத்தியவர். டிசம்பர் 4-ந் தேதி அந்த மாடி அறையில் நின்று அழுதவர்களில் ஒருவர். அன்று நடந்ததை எழுதி வைத்தவரும் அவரே. தாத்தா அழுத அறையைப் பேரன் பணம் காப்பாற்றியது!

மெர்சரோ என்ற கட்டிடக்கலைஞர் வீட்டைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார். அசல் படம் எதுவும் கையில் இல்லை. சுவரில் பழைய கூரைக் கோடு இருந்த இடத்தைப் பார்த்து, அந்தக் காலத்து மற்ற வீடுகளைப் பார்த்துக் கட்டினார். அதனால், "இதில் பழசு எவ்வளவு, புதுசு எவ்வளவு?" என்ற சர்ச்சை இன்றைக்கும் உண்டு. 1907 டிசம்பர் 4-ந் தேதி, அதே பிரிவு நாளில், திறப்பு விழா நடந்தது.

மதியச் சாப்பாட்டில் குண்டு

1975 ஜனவரி 24. வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் பங்கு மார்க்கெட் என்பதால் கூட்டம் ஜேஜே என்று இருந்தது.

பயங்கர சத்தம். டைனமைட் வெடித்தது!

4 பேர் பலி. 50-க்கும் மேற்பட்டவர்கள் காயம். சாப்பிட வந்தவர்கள்தான். போர்டோ ரிகோ தீவுக்கு விடுதலை கேட்ட எப்.ஏ.எல்.என். என்ற ரகசிய இயக்கம், "நாங்கள்தான் வைத்தோம்" என்று அறிவித்தது. அந்த மாதம் தங்கள் தீவில் குண்டு வைத்ததற்குப் பழிக்குப் பழி என்றது.

இந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

சுதந்திரத்தின் பெயரால் விருந்து நடந்த வீட்டில், சுதந்திரத்தின் பெயரால் குண்டு. செத்தது மத்தியானம் சாப்பிட வந்த மனுஷன்!

இன்றைக்கு

வீட்டைச் செப்பனிட்டார்கள். கடையைத் திறந்தார்கள். கீழே கோப்பை சத்தம். மேலே அந்த நீள அறையில் மேஜை, நாற்காலி போட்டு அந்தக் காலத்து மாதிரியே வைத்திருக்கிறார்கள்.

ரொம்ப காலம் அந்த வீட்டைப் பற்றிப் பேசினால் வாஷிங்டன் அழுத கதையை மட்டும்தான் சொல்வார்கள். 2023-ல் பொருட்காட்சிக்காரர்கள் இன்னொரு கதைக்கும் இடம் கொடுத்தார்கள். புதன்கிழமை தோறும் அங்கே வந்து நின்று, "நான் யாருக்கும் சொத்து இல்லை" என்று வாதாடிய கறுப்பர்களின் கதைக்கு!

கட்டினவர் டிலான்சி. காப்பாற்றியது வாரிசுகள் சங்கம். நடுவில் கசாப்புக்காரர் உள்பட எத்தனையோ பேர் பட்டா வைத்திருந்தார்கள். ஆனால் வாசல் பலகையில் இருப்பது ஒரே ஒருத்தர் பெயர்தான். "பிரான்சஸ் டாவர்ன்" என்று எழுதி இருக்கிறது.

215 வருஷம் கல்லறையில் பெயர் இல்லாமல் கிடந்த சமையல்காரரின் பெயர் அது!